புள்ளி இல்லாத இடம் பெருவிரல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சங்கீதத்தைப் பற்றி எழுத எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஊரில் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தேன், அதற்கு மேல் படிக்க நாட்டு நிலைமை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் எடுத்த பாடமும் சங்கீதம் அல்ல, மனையியல். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறப்பதே எனக்குக் கஷ்டம். வேறு யாராவது இதைப் பார்த்திருந்தால் அவர்களே எழுதட்டும் என்று பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அன்று கடைக்குள் மூன்று பேர்தான் இருந்தோம். ஒருவருக்குக் கண் சரியாகத் தெரியாது. மற்றவர் வெட்கத்தில் தலையை நிமிர்த்தவில்லை. பார்த்தவள் நான் ஒருத்திதான்.

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், வெக்ஸ்போர்டில் ஒரு பிளாசாவில் எங்களுடைய அச்சுக் கடை இருக்கிறது. ஒரு பக்கம் சேலைக் கடை, மறுபக்கம் கொத்துரொட்டிக் கடை. கலியாணக் காட், பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுப் பனர் எல்லாம் செய்வோம் என்றாலும் அதிகம் வருவது அந்தியேட்டி மலர்தான். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளுக்கு அவருடைய படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம் எல்லாம் போட்டு ஒரு சிறு புத்தகம் அடித்து, வந்தவர்கள் கையில் கொடுப்பது வழக்கம். அதற்குக் கொண்டுவரும் படங்கள் பழையவை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு ஓடிய படங்கள். பூஞ்சணம் பிடித்து, முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும்.

அந்தப் புள்ளிகளை எடுப்பதில் இவர், என் கணவர், கெட்டிக்காரர். முதலில் பஞ்சால் துடைப்பார். பிறகு மெத்தென்ற அழிறப்பரால் ஒற்றி ஒற்றி எடுப்பார். கடைசியாகத்தான் கொம்பியூட்டருக்குப் போவார். ஒருமுறை ஒரு ஐயாவின் கன்னத்தில் இருந்ததையும் அழுக்கென்று எடுத்துவிட்டார். மலரைக் கையில் வாங்கிய உடனே அந்த ஐயாவின் மனைவி கேட்டார்: "தம்பி, எங்கட மனிசன்ர மச்சத்தை என்ன செய்தனீர்?"

"அழுக்கெண்டு நினைச்சிட்டன் அம்மா."

"அழுக்கோ! உதைப் பாத்துத்தானே நான் கலியாணத்துக்கு ஓமெண்டனான்."

இவரும் நானும் இருந்து எல்லா மலரிலும் கறுத்தப் பேனையால் மச்சம் வைத்துக் கொடுத்தோம். அந்தக் கதையை இவர் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் கை பழகியது பழகியதுதான்.

அந்த அக்கா வந்தது போன மாசி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. எங்களுக்குத் தெரிந்தவர். மோர்னிங்சைட்டில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில், சமையல் பக்கம், நெடுநாளாக வேலை செய்கிறார். அறுபதை நெருங்கிய வயது. கண்ணில் வெண்படலம், சத்திரசிகிச்சைக்குத் திகதிக்காகக் காத்திருந்தார். பச்சை ஃபைல் ஒன்றுக்குள் இருந்து நாலு தாள்களை எடுத்து இவரிடம் கொடுத்தார்.

"தம்பி, இதைப் பெருசாக்கித் தரவேணும். எனக்கு உந்தச் சின்ன எழுத்துத் தெரியேல்லை. வடிவா, தெளிவா வரவேணும். சனிக்கிழமைக்குத் தேவை."

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா. கண்ணாடி மாதிரிச் செய்து தாறன்."

நான் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஆறு கோடுகள். கோடுகளின் மேல் நீல மையால் ஏ, பி, சி, டி என்று எழுத்துகள். மேலே கொடிக்கம்பம் போலச் சில அடையாளங்கள். தாள் நிறம் மங்கி, ஓரத்தில் தேத்தண்ணிக் கறையோடு இருந்தது. எழுத்துகளுக்குக் கீழே பென்சிலால் சிறுசிறு புள்ளிகள் இருந்ததை நான் கண்டேனா என்று கேட்டால், கண்டிருப்பேன். பூஞ்சணப் புள்ளிகளைக் கண்டு கண்டு, அவற்றைக் காணாமல் விடுகிற கண் என்னுடையதும்.

வியாழக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து நேரே வந்தார். தோளில் பெரிய கறுத்தப் பெட்டி. இவர் பெரிதாக்கிய தாள்களை மேசையில் விரித்து வைத்தார். உண்மையில் அழகாகத்தான் இருந்தன. வெள்ளைத் தாளில் நீல எழுத்துகள் கழுவி எடுத்தது போல.

அக்கா முகத்தைத் தாளுக்குக் கிட்டக் கொண்டுபோனார். விரலால் ஒரு வரியைத் தடவிக்கொண்டு போனார். திரும்பவும் தடவினார்.

"தம்பி, புள்ளியள் எங்க?"

"ஒண்டும் இல்லை அக்கா!" என்றார் இவர் சந்தோஷமாக. "முழுக்க எடுத்துப்போட்டன். அரை நாள் வேலை."

"கொம்பியூட்டரிலயோ எடுத்தனீர்?"

"அதிலயில்லை, தாளிலயே. அழிறப்பரால. அப்பதான் சுத்தமா வரும்."

அக்கா கதிரையைத் தேடினார். நான் இழுத்து விட்டேன். அவர் ஏசியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, "அது அவற்ற கை தம்பி" என்றார்.

அந்த 'அவர்' ஒரு வெள்ளைக்கார மனிதர். தன் வீட்டு பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழ் அறையில், மரம் வளைத்து லூட் என்ற நரம்பு வாத்தியம் செய்கிறவர். முதியோர் இல்லத்தில் இருந்தவர்களுக்கு வாசித்துக் காட்ட வருவார். அக்கா இந்த நாட்டுக்கு வந்த புதிதில், குசினிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். ஒருநாள் அவர் வாத்தியத்தை நீட்டி, வாசித்துப் பார் என்று சைகை காட்டினாராம்.

"எனக்கு அப்ப இங்கிலிசு வராது. அவருக்குத் தமிழ் வராது. இதில ஏ பி சி டிதானே கிடக்கு, அது போதுமாயிருந்தது" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல், புதன்கிழமைகளில் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து வாசித்திருக்கிறார்கள். இரண்டு லூட்டுக்கான பாட்டு. அவருக்கு ஒரு பகுதி, அக்காவுக்கு ஒரு பகுதி. மார்கழியில் அவர் இறந்துவிட்டார். அந்த இல்லத்து மண்டபத்தில் சனிக்கிழமை அவருக்கு ஒரு நினைவுக் கூட்டம். அவருடைய மனைவி, அவர் வாசித்த பகுதியான இந்த நாலு தாளையும் அக்காவிடம் கொடுத்து, ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். உன்னுடைய பகுதியை வேறு யாராவது வாசிக்கட்டும். நீ அவருடைய பகுதியை வாசி, அவர் வாசித்தது போலவே வாசி. நான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன் என்றாராம்.

"அந்தப் புள்ளி என்ன அக்கா?" என்று கேட்டேன். நான் கேள்வி கேட்டதே எனக்கு ஆச்சரியம்.

அவர் பெட்டியைத் திறந்தார். பப்பாசிப்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல முதுகு. கழுத்தின் நுனி பின்னால் முறிந்து தொங்குவது போல மடிந்திருந்தது. நடுவில், துளைக்குப் பதிலாக மரத்திலேயே செதுக்கிய பூ. நரம்புகள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து ஓடின. அப்படி ஒரு பொருளை நான் அதற்கு முன் தொட்டதில்லை. தூக்கிப் பார்க்கச் சொன்னார். தூக்கினேன். ஒரு கட்டுப் பேப்பரை விடப் பாரம் குறைவு.

"எழுத்து இடக்கைக்கு. எந்த நரம்பில எந்த இடத்தை அமத்திறது எண்டு சொல்லும். புள்ளி வலக்கைக்கு. கீழ ஒரு புள்ளி எண்டால் சுட்டுவிரல். ரெண்டு புள்ளி எண்டால் நடுவிரல். புள்ளி இல்லாட்டிப் பெருவிரல்."

"அப்ப இப்ப எல்லாம் பெருவிரல்" என்றார் இவர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓமடா தம்பி. நீர் எனக்கு நாலு பக்கம் பெருவிரல் தந்திருக்கிறீர்."

பிறகு வாசித்துக் காட்டினார். நான் அவருடைய வலக்கையை மட்டும் பார்த்தேன். சின்னிவிரல் நரம்புகளுக்குப் பக்கத்தில் பலகையில் ஊன்றி நின்றது, அது அசையவில்லை. பெருவிரல் மற்ற விரல்களுக்கு உள்ளே, உள்ளங்கைப் பக்கமாக நுழைந்து கீழே இறங்கியது. சுட்டுவிரல் மேலே ஏறியது. இறங்கியது, ஏறியது. நாங்கள் கடையில் தாள்களைப் பிரித்து எண்ணும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றை ஒன்று உரசிப் போவது போல. நகம் படவே இல்லை, சதைதான் பட்டது. ஒவ்வொரு நாளும் பாத்திரம் கழுவி, பெட்டி தூக்கித் தடித்த விரல்கள். அவற்றில் இருந்து அந்தச் சத்தம் வந்தது. பக்கத்துக் கடையில் கொத்துரொட்டி கொத்துகிற சத்தத்தை அது மூடவில்லை. அதற்கு இடையிடையே புகுந்து எனக்குக் கேட்டது.

பிறகு ஒரே இடத்தை, ஒரே நரம்பை, ஒருமுறை பெருவிரலாலும் ஒருமுறை சுட்டுவிரலாலும் தட்டினார்.

"வித்தியாசம் கேக்குதோ?"

கேட்டது. முதலாவது, பாதம் முழுவதையும் நிலத்தில் ஊன்றியது போல. இரண்டாவது, குதிக்காலைத் தூக்கியது போல. அந்த இரண்டும் மாறி மாறி வந்தால் நடை. ஒரு புள்ளியைத் தள்ளி வைத்தால் நடை மாறிவிடும். ஒரு மனிதர் வருவதை முகம் பார்க்க முதல் நடையிலேயே அறிகிறோம் அல்லவா? இவ்வளவும் ஒரு பென்சில் நுனிப் புள்ளிக்குள் இருந்திருக்கிறது.

"உங்கட கைக்குத் தெரியாதோ அக்கா?"

"என்ர கைக்கு என்ர பகுதி தெரியும். அவற்ற கைக்கு என்ன தெரியுமெண்டு எனக்கெப்படித் தெரியும்? எதிர எதிர இருந்து நான் என்ர தாளையெல்லோ பாத்தனான்."

இவர் அப்போது எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். வெட்டு மெசினுக்கு மேலே கொழுவியிருக்கும் விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"படங்களுக்குப் பின்னால எழுதின பேர் அழிஞ்சு போனால் லைட்டைச் சரிச்சுப் பிடிச்சு வாசிக்கிறனான். பென்சில் போனாலும் குழி போகாது" என்றார். "எனக்குக் கண்ணாடி போட்டாலும் உவ்வளவு சின்னது தெரியாது. நீ பார்."

பழைய தாளை மேசையில் வைத்தோம். இவர் விளக்கைத் தாளோடு ஒட்டியது போலத் தாழ்த்திப் பிடித்தார். வெளிச்சம் பக்கவாட்டில் ஓடியது. முதலில் தாளின் நார்கள் மட்டும் தெரிந்தன. பிறகு, எழுத்துக்குக் கீழே, குண்டூசித் தலையை விடச் சிறிய ஒரு நிழல். அடுத்த எழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததில் இன்னொரு நிழல்.

"கிடக்குது அக்கா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"சொல்லும், சொல்லும். சொல்லிப்போட்டுப் பெரிய தாளில போடும். பேனையால போடும். தம்பி, நீர் அழிறப்பரைக் கொண்டுபோய்ப் பூட்டி வையும்."

அப்படித்தான் செய்தோம். இவர் விளக்குப் பிடித்தார். நான் "இல்லை, ஒண்டு, இல்லை, ஒண்டு" என்று சொல்லிச் சொல்லிப் பேனையால் வைத்தேன். அக்கா நான் சொல்வதைக் கையில் வாங்கி மெதுவாகத் தட்டிப் பார்த்தார். என் வாயில் இருந்து வந்த சொல் அடுத்த நொடி சத்தமாக மாறியது. வாடிக்கையாளர் ஒருவர் வந்து கதவடியில் நின்றார். இவர் விளக்கை ஆட்டாமல், "அண்ணை, நாளைக்கு வாங்கோ" என்றார். அவர் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

சில புள்ளிகள் மெல்ல வைத்தவை, குழியே விழவில்லை. அந்த இடங்களில் அக்கா இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்ப்பார். கண்ணை மூடி, தலையைச் சரித்து, "இல்லை, அவர் இதில கால் ஊண்டமாட்டார்" என்பார். அல்லது, "ஓம், இது அவர்தான்." எந்த நியாயத்தில் அதைச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை.

மூன்று பக்கம் அப்படிப் போனது. நாலாவது பக்கம் வந்தபோது நான் சொல்லச் சொல்லக் குழம்பினேன்.

"ஒண்டு, ரெண்டு, ஒண்டு, ரெண்டு."

"வடிவாப் பாரும். ஒண்டுக்குப் பிறகு இல்லை வரவேணும்."

"இல்லை வரேல்லை அக்கா. எல்லாத்துக்கும் புள்ளி."

"மற்ற வரி?"

"அதிலயும்."

இவர் விளக்கைத் தாளின் மறுபக்கம் கொண்டுபோனார். நாலாவது பக்கத்துக் குழிகள் மற்றவற்றை விட ஆழமாக இருந்தன. முதலில் வைத்ததை அழித்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறார் போல. புள்ளி இல்லாத எழுத்து ஒன்றும் இல்லை. சுட்டுவிரல், நடுவிரல், சுட்டுவிரல், நடுவிரல். கடைசி வரை பெருவிரல் வரவே இல்லை.

அக்கா பெருவிரலை ஒதுக்கி வைத்துவிட்டு, நான் சொன்னபடி இரண்டு விரலாலும் வாசித்தார். அவருக்கு அது பழக்கம் இல்லை, தட்டுத் தடுமாறினார். ஆனாலும் சத்தம் மெலிந்துவிட்டது எனக்கே தெரிந்தது. பாதம் ஊன்றாமல், விரல் நுனியில் ஒருவர் போவது போல இருந்தது.

அவர் நிறுத்தினார்.

"கடைசி மாதங்களில இப்படித்தான் கேட்டது" என்றார். "பாட்டு முடியிற நேரம் அவர் தேய்ஞ்சு தேய்ஞ்சு போவார். எனக்கு இடம் விடுறார், என்ர பகுதி வடிவாக் கேக்கட்டுமெண்டு விடுறார் எண்டு நான் நினைச்சன். மகிழ்ந்துபோய் இன்னும் பலமா அடிச்சன்." வலக்கையைத் திருப்பி, பெருவிரலின் அடியைப் பார்த்தார். "இதில நோ வந்து ஊண்ட ஏலாமல் போட்டுது போல. மரம் வேலை செய்யிற கை. ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

இவர் விளக்கை அணைத்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கப் போனார்.

"ரெண்டு நாளில இந்தப் பக்கம் எனக்கு வருமோ தெரியாது" என்றார் அக்கா. "பெருவிரலால வாசிச்சால் பிழையில்லாமல் வரும். ஆனால் அது நான்."

சனிக்கிழமை இவர் எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். பெரிய தாள்களைத் திருப்ப ஆள் வேண்டும் என்று அக்கா என்னைக் கேட்டிருந்தார். நாற்பது ஐம்பது பேருக்கு முன்னால் போய் நிற்பதா என்று யோசித்தேன். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லாமல்தான் சம்மதித்தேன். அக்காவின் பகுதியை வாசிக்க இறந்தவரிடம் லூட் வாங்கிய ஒருவர் வந்திருந்தார். சக்கர நாற்காலிகளில் இல்லத்துக்காரர்கள். முன் வரிசையில் அவருடைய மனைவி, சாம்பல் நிற ஸ்வெற்றர் போட்ட மெல்லிய மனுசி. தொடங்க முதலே கண்ணை மூடிவிட்டார்.

மூன்று பக்கம் நன்றாகப் போனது. புள்ளி, புள்ளி இல்லை, புள்ளி. என் பேனை வைத்த இடத்தில் அக்காவின் சுட்டுவிரல் ஏறியது, வைக்காத இடத்தில் பெருவிரல் இறங்கியது. எப்போதோ பேஸ்மென்றில் இருந்து ஒருவர் பென்சிலால் குத்தியதை நான் வாசித்து, அது இன்னொருவரின் கையில் நடக்கிறது. இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

நாலாவது பக்கத்தைத் திருப்பினேன். அக்காவின் பெருவிரல் வழக்கம் போல இறங்கப் பார்த்தது. அதைத் தடுத்து உள்ளங்கைக்குள் மடக்கினார். சுட்டுவிரல், நடுவிரல். இரண்டாவது வரியில் ஒரு சுரம் விழவில்லை. அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தார். சத்தம் மெலிந்து மெலிந்து போனது. எதிரே இருந்தவர் அதைக் கேட்டுத் தன்னுடையதையும் தணித்தார்.

எனக்குத் திருப்ப இனித் தாள் இல்லை. அதனால் நிமிர்ந்து பார்த்தேன். இறந்தவரின் மனைவி கண்ணைத் திறக்கவில்லை. இடக்கையால் தன்னுடைய வலக்கைப் பெருவிரலைப் பிடித்து, அதன் அடியை வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். மருந்து பூசுகிறவர் தேய்ப்பது போல, மெதுவாக, பாட்டு முடியும் வரை. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம்.

திரும்பி வரும்போது காரில் பின் சீற்றில் என் பக்கத்தில் அக்கா பெட்டியை அணைத்துக்கொண்டு இருந்தார்.

"முன்னுக்கிருந்தவவைப் பாத்தனீரோ?" என்று கேட்டார். "எனக்குக் கண் எட்டேல்லை."

"பாத்தனான் அக்கா."

"என்ன செய்தவ?"

நான் அவருடைய வலக்கையை எடுத்து, பெருவிரலின் அடியை அதே போலத் தேய்த்துக் காட்டினேன். அக்கா கையை எடுக்கவில்லை. வீடு வரும் வரை என் கைக்குள் வைத்திருந்தார். இவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ரேடியோவைப் போடாமல் ஓட்டினார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது. இவர் கடை வாசலுக்கு உப்புப் போட்டார். பதினொரு மணிக்கு ஒருவர் அந்தியேட்டி மலருக்குப் படம் கொண்டுவந்தார். முகத்தில் ஒரு புள்ளி இருந்தது. கையை வைக்க முதல், அது என்ன என்று இவர் கேட்டார். அழுக்கு என்று அவர் சொன்னார். துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம்.